முடிசூடாத மன்னரின் மடக்குக் கத்தி



இன்று பேச வந்திருப்பது சட்டைப்பைக்குள் அடங்கிவிடும் ஒரு சின்னப் பொருளைப் பற்றி. மடக்குக் கத்தி! பள்ளிக்கூடத்தில் பென்சில் சீவியது, மாந்தோப்பில் காய் நறுக்கியது, சந்தையில் சாக்கு மூட்டையின் வாய்க்கட்டை அறுத்தது. தமிழ்நாட்டில் அதற்குப் பேனாக்கத்தி என்று பெயர். ஈழத்தமிழர் வில்லுக்கத்தி என்பார்கள். இரண்டுமே அருமையான பெயர்கள். உள்ளே இருக்கும் வில்லைப் பார்த்து வைத்த பெயர் ஒன்று. இறகுப் பேனாவின் முனையைச் சீவப் பிறந்த கத்தி என்ற வரலாற்றைச் சுமந்து நிற்பது மற்றொன்று. பேனா என்ற சொல்லே போர்ச்சுக்கீசியர் வழியாக வந்தது. அவர்கள் மொழியில் அதற்கு இறகு என்று பொருள்.

ஆனால் எல்லா மடக்குக் கத்தியையும் பற்றி இங்கே பேசப் போவதில்லை. ஒரு நாளை நினைவில் வைப்பதற்காகவே செய்யப்பட்ட கத்திகள் உண்டு. ஒரு முடிசூட்டு விழா, ஒரு வெள்ளி விழா, ஓர் உலகக் கண்காட்சி, ஒரு நாட்டின் இருநூறாவது பிறந்த நாள் என்று ஏதோ ஒன்றைக் கைப்பிடியில் பொறித்துக்கொண்டு வந்த நினைவுக் கத்திகள். தாத்தாவின் பெட்டியில் அப்படி ஒன்று கிடைத்தால் அது எந்த ஊர்க் கத்தி, எந்தக் காலத்துக் கத்தி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதன் மதிப்பு என்ன? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடுவதே இன்றைய மாலையின் வேலை.

ஒரு கத்தியை மனக்கண்ணில் எடுத்துக்கொள்ளுங்கள். மூடிய நிலையில் மூன்று அங்குல நீளம். வெள்ளி போல மின்னும் உலோகக் கைப்பிடி. அதன் ஒரு பக்கம் மன்னர் ஒருவரின் தலை, சுற்றிலும் எட்டாம் எட்வர்ட் என்ற பெயர். மறுபக்கம் முடிசூட்டு நாள்: 1937 மே 12.

வரலாறு படித்தவர்கள் இந்நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். ஏன்? எட்டாம் எட்வர்ட் முடிசூடவே இல்லை! 1936 ஜனவரியில் பிரிட்டனின் அரியணை ஏறினார். மணமுறிவு பெற்ற ஓர் அமெரிக்கப் பெண்மணியை மணந்தே தீருவேன் என்று நின்றார். அதே ஆண்டு டிசம்பரில் அரியணையை விட்டு இறங்கினார். குறித்த நாளான 1937 மே 12 அன்று முடிசூடியவர் அவருடைய தம்பி ஆறாம் ஜார்ஜ்.

நடக்காத விழாவுக்கு ஒரு கத்தி. முடிசூடாத மன்னருக்கு ஒரு முடிசூட்டுப் பரிசு. அப்படியானால் அது எவ்வளவு அபூர்வமாக இருக்க வேண்டும்? எவ்வளவு விலை போக வேண்டும்? இந்தக் கேள்வியை அப்படியே வைத்திருங்கள். விடையைச் சொல்லும் முன் கத்தியைத் திறந்து பார்க்க வேண்டும்.

திறந்துதான் பார்க்க வேண்டும், அன்பர்களே! நினைவுக் கத்தியைக் கையில் எடுக்கும் பத்துப் பேரில் ஒன்பது பேர் கைப்பிடியைப் பார்ப்பார்கள். படத்தைப் பார்ப்பார்கள், தேதியைப் படிப்பார்கள், உடனே முடிவுக்கு வந்துவிடுவார்கள். கைப்பிடியில் இருப்பது கத்தி எதைக் கொண்டாடுகிறது என்ற செய்தி மட்டுமே. அதை யார் செய்தார், எங்கே செய்தார், எப்போது செய்தார் என்பதெல்லாம் வேறோர் இடத்தில் ஒளிந்திருக்கிறது. அலகு கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில், கூர் தீட்டாத தடித்த அடிப்பகுதி ஒன்று இருக்கும். சேகரிப்போர் அதை டேங் என்பார்கள். செய்தவரின் முத்திரை அங்கேதான் விழுந்திருக்கும். ஒரு பூதக்கண்ணாடி, சாய்வாக விழும் வெளிச்சம், கொஞ்சம் பொறுமை. இந்த மூன்றும் இருந்தால் அந்தச் சின்ன இடம் பேசத் தொடங்கிவிடும்.

அது என்ன பேசும்?

முதலில் ஊரைச் சொல்லும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் சோலிங்கன் என்ற இரண்டு பெயர்களும் கத்தி உலகத்தின் இரு தலைநகரங்கள். ஷெஃபீல்டில் ஜோசப் ராட்ஜர்ஸ் என்ற நிறுவனம் இருந்தது. ஒரு நட்சத்திரம், ஒரு மால்டாச் சிலுவை, இவ்விரண்டும் அதன் சின்னம். அந்தப் பட்டறையின் கைத்திறனுக்கு அளவே கிடையாது. 1822ஆம் ஆண்டு அவர்கள் ஒரு கத்தி செய்தார்கள். அதில் எத்தனை அலகுகள் தெரியுமா? 1,822! ஆண்டுக்கு ஓர் அலகு. பின்னாலும் ஆண்டுக் கணக்குப்படி அலகுகள் சேர்ந்துகொண்டே போயின. 2000ஆம் ஆண்டோடு இடம் தீர்ந்துபோனது. காலத்தை நினைவுகூரும் கத்திகளில் அதற்கு இணையானது இன்னொன்று இருக்க முடியாது. 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சிக்கென்று அதே நிறுவனம் 75 அலகுகளும் கருவிகளும் கொண்ட நார்ஃபோக் கத்தியைச் செய்தது. அலகுகளில் படம் பொறித்த கத்தி அது.

இவ்வளவு பெயர் பெற்ற முத்திரையைப் போலி செய்யாமல் விடுவார்களா? நட்சத்திரமும் சிலுவையும் போலத் தோன்றும் சின்னங்கள், ஓர் எழுத்து மட்டும் மாறிய பெயர்கள் எல்லாம் சந்தைக்கு வந்தன. ஷெஃபீல்டு என்று பொறித்த மலிவுச் சரக்கு ஜெர்மனியிலிருந்து வருகிறது என்று ஷெஃபீல்டின் கத்திக்காரர்கள் கொதித்தார்கள். அந்தக் கொதிப்புக்கும் பங்கு உண்டு, 1887இல் பிரிட்டன் இயற்றிய சரக்கு முத்திரைச் சட்டத்தில். வெளிநாட்டுச் சரக்கு உள்நாட்டு வேடம் போடக் கூடாது, பிறந்த நாட்டைச் சொல்ல வேண்டும் என்றது அந்தச் சட்டம். இன்று உலகமே மதிக்கும் ‘மேட் இன் ஜெர்மனி’ என்ற சொற்கள் அவமானக் குறியாகத்தான் முதலில் தொடங்கின. சோலிங்கனும் பின்னாளில் தன் பெயரைக் காத்துக்கொள்ள 1938இல் ஒரு சட்டம் பெற்றது. அந்த ஊர் எல்லைக்குள் செய்யாத கத்தியில் அந்த ஊர்ப் பெயரைப் பொறிக்க முடியாது.

இவையெல்லாம் சட்டக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். கத்தியின் வயதைச் சொல்பவை இவைதாம்! அமெரிக்கா 1890இல் ஒரு சுங்கச் சட்டம் போட்டது. அங்கே இறங்கும் சரக்கில் நாட்டின் பெயர் இருந்தே ஆக வேண்டும் என்றது. 1891 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஆகவே ஒரு பழைய கத்தியின் டேங்கில் ஊர்ப் பெயரோடு ‘இங்கிலாந்து’ அல்லது ‘ஜெர்மனி’ என்ற நாட்டுப் பெயரும் இருந்தால், பெரும்பாலும் அது 1891க்குப் பிற்பட்டது என்று கொள்ளலாம். விக்டோரியா மகாராணியின் 1887ஆம் ஆண்டுப் பொன்விழாக் கத்தி என்று ஒருவர் நீட்டுகிறார், டேங்கிலோ நாட்டுப் பெயர் பளிச்சென்று நிற்கிறது. அப்போது கேள்வி கேட்க வேண்டும். ஆனால் இதைத் தலைகீழாக்கிவிடக் கூடாது. நாட்டுப் பெயர் இல்லாவிட்டால் 1891க்கு முற்பட்டது என்று ஆகிவிடாது. உள்ளூரில் விற்கச் செய்த கத்திக்கு ஷெஃபீல்டு என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது.

‘மேற்கு ஜெர்மனி’ என்று இருந்தால் கணக்கு இன்னும் எளிது. அப்படி ஒரு நாடு 1949இல்தான் பிறந்தது.

அடுத்து எஃகு. துருப்பிடிக்காத எஃகை ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருவாக்கியது 1913இல். அதற்கு முன் கத்தி அலகு என்றால் கார்பன் எஃகுதான். எலுமிச்சம்பழம் நறுக்கினால் கறுத்துப் போகும், மழைக்காலத்தில் துடைக்காமல் வைத்தால் துரு ஏறும். இப்போது ஒருவர் ஏழாம் எட்வர்டின் 1902ஆம் ஆண்டு முடிசூட்டுக் கத்தியைக் கொண்டு வருகிறார். கைப்பிடியில் மன்னரும் மகாராணியும் அழகாக இருக்கிறார்கள். அலகைத் திறந்தால் ‘ஸ்டெயின்லெஸ்’ என்று எழுதியிருக்கிறது. 1902 எங்கே, 1913 எங்கே? ஒன்று, அலகு பின்னால் மாற்றப்பட்டிருக்கிறது. அல்லது கத்தி முழுவதுமே பின்னால் செய்யப்பட்டது. கைப்பிடி எவ்வளவு அழகாகப் பேசினாலும், அலகு குறுக்கே நின்று மறுக்கிறது.

ஏழாம் எட்வர்டைப் பற்றிப் பேச்சு வந்ததால், தேதியைப் படிக்கும் வித்தையையும் இங்கேயே பார்த்துவிடலாம். அவருடைய முடிசூட்டு விழா 1902 ஜூன் 26 என்று குறிக்கப்பட்டது. நினைவுப் பொருள்கள் எல்லாம் அந்தத் தேதியோடு அச்சாகிவிட்டன. விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது மன்னருக்கு வயிற்றில் அறுவைச் சிகிச்சை! விழா தள்ளிப்போய் ஆகஸ்ட் 9 அன்று நடந்தது. இப்போது சொல்லுங்கள், ஜூன் 26 என்று பொறித்த பொருள் பிழையான பொருளா, போலிப் பொருளா? இரண்டும் இல்லை. அதுதான் வழக்கமாகக் கிடைப்பது. நடக்காத தேதியைச் சுமந்தவை ஏராளம். நடந்த தேதியான ஆகஸ்ட் 9ஐச் சுமந்தவை குறைவு. பழம்பொருள் பழகாத கண்ணுக்கு இது தலைகீழாகத் தெரியும்.

இப்போது அந்த முடிசூடாத மன்னரிடம் திரும்பலாம். எட்டாம் எட்வர்டின் கத்தி அபூர்வமா?

அபூர்வம் இல்லை.

ஏன் இல்லை? விழாவுக்கு வேண்டிய பொருள்களை விழாவன்று செய்ய மாட்டார்கள். அச்சு வெட்ட வேண்டும், தகடு அழுத்த வேண்டும், கப்பலில் ஏற்ற வேண்டும். 1936 டிசம்பரில் மன்னர் பதவி விலகியபோது கோப்பைகளும் பதக்கங்களும் தகரப் பெட்டிகளும் கத்திகளும் மலைபோலக் குவிந்திருந்தன. விலகல் செய்தி வந்ததும் மக்கள் என்ன செய்தார்கள்? இனி இது கிடைக்காது என்று வாங்கி வாங்கிப் பத்திரப்படுத்தினார்கள்! முடிசூடிய மன்னரின் கத்தியைப் பையில் போட்டுத் தேய்த்துத் தீர்த்தவர்கள், முடிசூடாத மன்னரின் கத்தியைப் பஞ்சில் பொதிந்து வைத்தார்கள். தொண்ணூறு ஆண்டு ஆகப்போகிற நிலையிலும் அவை தாராளமாகக் கிடைக்கின்றன. கதை அபூர்வமானது, பொருள் அப்படி இல்லை. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் பணத்தை விட்டவர்கள் எத்தனையோ பேர்.

கைப்பிடியின் வெள்ளி மினுக்கத்துக்கு வருவோம். முடிசூட்டுக் கத்திகளில் மிகுதியும் தகடு அழுத்திச் செய்தவை. அச்சில் வைத்து அடித்த மெல்லிய உலோகத் தகடு. அந்த உலோகத்துக்குப் பெரும்பாலும் நிக்கல் சில்வர் என்று பெயர். பெயரைக் கேட்டு யாரும் ஏமாற வேண்டாம். செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த கலவை அது. ஒரு குன்றிமணி வெள்ளிகூட அதில் கிடையாது. அடகுக் கடைக்கு எடுத்துப் போனால் உரைத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

அசல் வெள்ளிக் கத்திகளும் உண்டு. பழம் நறுக்குவதற்கென்று வெள்ளி அலகும் முத்துச்சிப்பிக் கைப்பிடியும் வைத்துச் செய்தார்கள். பழச்சாறு பட்டால் கார்பன் எஃகு கறுத்துவிடும், வெள்ளி தாங்கும் என்பது காரணம். இந்த வகைக் கத்தி கையில் கிடைத்தால் வயது கணிப்பது ஒரு திருவிழா! ஆங்கிலேய வெள்ளி முத்திரைகளை வரிசையாகப் படிக்கலாம். நடக்கும் சிங்கம் என்றால் தரமான வெள்ளி. நங்கூரம் என்றால் பர்மிங்காம். மகுடம் என்றால் ஷெஃபீல்டு; 1975 முதல் மகுடத்துக்குப் பதில் ரோஜா. பக்கத்தில் ஓர் எழுத்து இருக்கும், அது ஆண்டைச் சொல்லும். இவற்றுக்கெல்லாம் மேலாக, ஐந்தாம் ஜார்ஜின் 1935 வெள்ளி விழாவை ஒட்டி மன்னர், அரசியார் இருவரின் தலையும் சேர்ந்த தனி முத்திரை ஒன்றை அடித்தார்கள். இரண்டாம் எலிசபெத்தின் 1953 முடிசூட்டு விழாவுக்கும் 1977 வெள்ளி விழாவுக்கும் அதேபோல் தனி முத்திரைகள் வந்தன. கைப்பிடியில் ஒரு சொல்லும் பொறிக்காத கத்திகூட அந்த ஒரு துளி முத்திரையால் நினைவுக் கத்தி ஆகிவிடுகிறது. எத்தனை வீடுகளில் அது என்னவென்று தெரியாமலே பழத்தட்டோடு கிடக்கிறதோ!

1953இல் இரண்டாம் எலிசபெத் முடிசூடியபோது வந்த கத்திகள் சிலவற்றில் தெருவிளக்குக் கம்பம் ஒன்று முத்திரையாக இருக்கும். அது ஷெஃபீல்டின் ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தின் சின்னம். சிறுவர்களும் வாங்கக்கூடிய விலையில் பெருவாரியாகச் செய்தார்கள். அதனால் இன்றும் விலை குறைவு. ஆனால் பெட்டி பிரிக்காமல், தகட்டின் சாயம் போகாமல் ஒன்று கிடைத்தால் சேகரிப்பவர் முகம் மலரும். காரணம் எளிது. சிறுவன் கையில் கிடைத்த கத்தி எழுபது ஆண்டு புதிதாகவே இருப்பது லேசான காரியமா?

கடல் தாண்டி அமெரிக்காவுக்குப் போவோம். நினைவுக் கத்தி சேகரிப்பு ஒரு பெரும் பித்தாகவே வளர்ந்த நாடு அது. 1976இல் அந்த நாட்டின் விடுதலைக்கு இருநூறு ஆண்டு நிறைந்தது. அதை ஒட்டி எத்தனை கத்திகள்! சுதந்திர மணி, குதிரையில் விரைந்த பால் ரிவியர், கழுகு என்று விதவிதமாக வந்தன. அங்கே பென்சில்வேனியா மாநிலத்தில் பிராட்ஃபோர்டு என்ற சிற்றூர். அங்கிருக்கும் கேஸ் நிறுவனத்தின் கத்திகளைப் படிப்பதற்கு ஓர் அழகான முறை உண்டு. 1970இல் டேங்கில் முத்திரைக்குக் கீழே பத்துப் புள்ளிகள் வைத்தார்கள். ஆண்டுதோறும் ஒரு புள்ளியை எடுத்தார்கள். 1971இல் ஒன்பது, 1972இல் எட்டு. அப்படியானால் 1976இல் எத்தனை? நான்கு. புள்ளியை எண்ணத் தெரிந்த குழந்தைகூட வயதைச் சொல்லிவிடலாம்.

இப்போது ஒருவர் அந்த நிறுவனத்தின் சாதாரணக் கத்தி ஒன்றைக் காட்டுகிறார். அலகில் ‘1776 – 1976’ என்று பொறிப்பு. டேங்கில் ஏழு புள்ளிகள். ஏழு புள்ளி என்றால் 1973. கத்தி போலியா? கத்தி அசல்தான். பொறிப்பு மட்டும் பின்னால் யாரோ சேர்த்தது. நகைக் கடைக்காரர் சேர்த்திருக்கலாம், ஒரு சங்கம் தன் உறுப்பினர்களுக்குப் பரிசளிக்கச் சேர்த்திருக்கலாம், விற்பவரே நேற்றுச் சேர்த்திருக்கலாம். தொழிற்சாலையிலிருந்து வந்த நினைவுக் கத்தி வேறு. வெளியில் எழுத்து ஏறிய கத்தி வேறு. விலையும் வேறு.

அதே நிறுவனத்தின் எண்களையும் படிக்கலாம். 6254 என்று இருந்தால் முதல் இலக்கமான 6, கைப்பிடி கீறல் வேலை செய்த எலும்பு என்கிறது. 5 என்றால் மான்கொம்பு. அடுத்த 2, அலகுகள் இரண்டு என்கிறது. கடைசி 54 கத்தியின் வடிவத்தைச் சொல்கிறது. டேங்கில் 6 என்று இருந்து கைப்பிடி மான்கொம்பாக இருந்தால்? யாரோ கைப்பிடியை மாற்றியிருக்கிறார்கள் என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். அன்பர்களே, எழுத்தும் உடம்பும் ஒத்துப்போக வேண்டும். கத்தி மதிப்பீட்டின் பாதி வேலை அந்தப் பொருத்தம் பார்ப்பதுதான்!

ரெமிங்டன் கத்திகளின் கதை இன்னும் சுவையானது. துப்பாக்கி செய்த அந்த நிறுவனம் 1920இல் கத்தி செய்யத் தொடங்கியது. 1922இல் ஆர்1123 என்ற வேட்டைக் கத்தியை வெளியிட்டது. கைப்பிடியில் ஒரு தோட்டா வடிவப் பட்டயம் பதித்திருக்கும். 1940இல் கத்தித் தொழிலை விட்டுவிட்டார்கள். நாற்பது ஆண்டு போனது. 1982இல் அதே ஆர்1123ஐ, அதே தோட்டாப் பட்டயத்தோடு, பழைய பெருமையை நினைவுகூர்ந்து மறுபடி வெளியிட்டார்கள். அதன்பின் ஆண்டுக்கு ஒரு தோட்டாக் கத்தி என்பது வழக்கமாகவே ஆனது. ஆக, ஒரே எண், ஒரே உருவம், இடையில் அறுபது ஆண்டு. இரண்டுக்கும் சேகரிப்போர் உண்டு. ஆனால் தாத்தா விலையும் பேரன் விலையும் ஒன்றாகுமா? தோட்டாவை மட்டும் படம் எடுத்துப் போட்டு விற்பவரிடம், டேங்கின் படத்தையும் அனுப்புங்கள் என்று கேட்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

சுவிட்சர்லாந்துக்காரர்கள் இந்தத் தொல்லையே வைக்கவில்லை. 1961 முதல் அந்த நாட்டுப் படைவீரர்களுக்குக் கொடுத்த அலுமினியக் கைப்பிடிக் கத்தியில் செய்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்தைப் பொறித்துவிட்டார்கள். பிறந்த ஆண்டுக் கத்தியைத் தேடிப்பிடித்து வைத்துக்கொள்வது பலருக்கு இனிய பழக்கம்.

இனி மதிப்புக்கு வருவோம். அவையில் பலர் காத்திருப்பதும் இதற்காகத்தானே!

சேகரிக்கவே செய்த நினைவுக் கத்திகள் ஒரு வகை. எண் போட்ட சான்றிதழ், வெல்வெட் பெட்டி, கண்ணாடி மூடி. வாங்கிய அத்தனை பேரும் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். எல்லோரும் காத்து வைத்த பொருளுக்கு எப்படி விலை ஏறும்? இவற்றுள் பல, வாங்கிய விலைக்குக்கூட இன்று போவதில்லை. சான்றிதழில் இருக்கும் எண்ணைவிட, மொத்தம் எத்தனை செய்தார்கள் என்ற எண்தான் முக்கியம். ஐந்நூற்றில் ஒன்று என்பதும் ஐம்பதாயிரத்தில் ஒன்று என்பதும் ஒன்றா?

பயன்படுத்தச் செய்து, தப்பித் தவறி நல்ல நிலையில் பிழைத்தவை இன்னொரு வகை. மதிப்பு அங்கேதான் குடியிருக்கிறது. அந்த நல்ல நிலையை அளக்க அமெரிக்கச் சேகரிப்போர் ஓர் ஏணி வைத்திருக்கிறார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே, ஒருமுறைகூடக் கூர் தீட்டாமல், பையில் போடாமல் இருந்தால் உச்சப்படி. பையில் தேய்ந்த சுவடு லேசாக இருந்தால் அடுத்த படி. அலகு பத்து விழுக்காட்டுக்கு மேல் தேயாமல் இருந்தால் அதற்கடுத்தது. கால்வாசி தேய்ந்தால் இன்னும் கீழே. மிகவும் தேய்ந்துவிட்டால் அது பழுது பார்ப்பதற்கு உதிரி கொடுக்கும் கத்தி.

தேய்மானத்தை எப்படிக் காண்பது? மடக்கிய கத்தியைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். அலகின் முனை கைப்பிடிக்குள் எவ்வளவு ஆழத்தில் புதைந்திருக்கிறது? அலகைத் திறந்தால், நகம் வைத்து இழுக்கும் பள்ளம் முதுகுப் பக்கம் ஒட்டி இருக்கிறதா, அல்லது விளிம்புக்கு மிக அருகில் வந்துவிட்டதா? விளிம்பு பள்ளத்தை நெருங்கியிருந்தால் எஃகு நிறையப் போய்விட்டது என்று அர்த்தம். பிறகு காதால் கேளுங்கள். நல்ல வில் உள்ள கத்தி திறக்கும்போதும் மூடும்போதும் ‘டக்’ என்று சொல்லும். சோம்பேறியாகத் தளர்ந்து ஆடினால் வில் களைத்துவிட்டது.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். தெருவில் சாணை பிடிப்பவர் குரல் கேட்டதும் அரிவாள்மணையோடு பழைய பேனாக்கத்தியையும் எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள்! அருமையான கைத்தொழில்காரர் அவர், சமையலறை அவரால் பிழைக்கிறது. ஆனால் நூறு வயதுக் கத்தியின் முத்திரை, அமிலத்தால் ஏற்றிய பொறிப்பு, தொழிற்சாலை தீட்டிய முதல் விளிம்பு மூன்றும் அந்தக் கல்லில் ஒரே நிமிடத்தில் பொறியாகப் பறந்துவிடும். பளபளப்பாக்குகிறேன் என்று உப்புத்தாள் போடுவதும் அதே கொலைதான். கார்பன் எஃகின் மேல் படியும் சாம்பல் நிறப் படலம் அழுக்கு இல்லை, வயது. சேகரிப்பவர் அதற்குத்தான் காசு கொடுக்கிறார். சிவந்த துரு மட்டும் எதிரி. அதை மென்துணியும் தையல் மெஷின் எண்ணெயும் கொண்டு மெல்லத் தேய்த்து எடுக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுத்துக் கீலை இறுக்கிவிடும். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோரக் காற்றில் இருப்பவர்கள் மாதம் ஒருமுறை திறந்து துடைப்பது நல்லது. தோல் உறையில் போட்டு மறந்துவிடவும் கூடாது, தோல் ஈரத்தை இழுத்து எஃகுக்குக் கொடுக்கும்.

செல்லுலாய்டு கைப்பிடிக் கத்தி இருந்தால் அதைத் தனியாகக் குடிவையுங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல வண்ணங்களில் செல்லுலாய்டு கைப்பிடிகள் வந்தன. வயதாக வயதாக அது சிதைந்து அமில ஆவியை வெளிவிடும். பக்கத்தில் படுத்திருக்கும் நல்ல கத்தியின் அலகும் அந்த ஆவியில் அரித்துப் போகும். ஒரே பெட்டியில் காற்றுப் புகாமல் மூடி வைத்த இருபது கத்திகளை ஒரு செல்லுலாய்டு கெடுத்துவிடும்.

தந்தக் கைப்பிடி இருந்தால்? விலை பேசவே வேண்டாம். இந்தியாவில் தந்த வணிகம் சட்டப்படி தடை. பிரிட்டனும் 2018இல் தந்தச் சட்டம் இயற்றி, 2022 ஜூன் முதல் சில விலக்குகள் தவிர வணிகத்தை நிறுத்திவிட்டது. தந்தமா, தந்தம் போலச் செய்த செல்லுலாய்டா என்று பார்க்க வரிகளைப் பாருங்கள். செல்லுலாய்டில் வரிகள் கோடு போட்ட நோட்டுப் போல ஒழுங்காக ஓடும். யானைத் தந்தத்தின் குறுக்கு வெட்டில் ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் தெரியும்.

போலியைக் கண்டுபிடிக்க அழுக்கு உதவும். ஆம், அழுக்குதான்! உண்மையாக வயதான கத்தியில் பூணும் கைப்பிடியும் சேரும் இடுக்கிலும், பட்டயத்தின் ஓரத்திலும், எழுத்துகளின் பள்ளத்திலும் ஒரே மாதிரி பழைய அழுக்கு உறைந்திருக்கும். கைப்பிடி தேய்ந்து வழுவழுப்பாகி, எழுத்து மட்டும் நேற்று வெட்டியதுபோலக் கூர்மையாக இருந்தால் எழுத்து புதிது. ஆணிகளில் ஒன்று மட்டும் மின்னினால் கத்தியை யாரோ பிரித்திருக்கிறார்கள். பெரிய அலகு பாதி தேய்ந்து, சின்ன அலகும் அதே அளவு தேய்ந்திருந்தால் நிம்மதி. பெரியது மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் அலகு மாறியிருக்கிறது.

கடைசியில் எண் சொல்ல வேண்டுமே, எவ்வளவு? இணைய ஏலத்தில் கேட்கும் விலையைப் பார்த்து மனக்கோட்டை கட்டாதீர்கள். கேட்பவர் எதையும் கேட்கலாம். முடிந்துபோன விற்பனைகளில் அதே முத்திரை, அதே நிகழ்ச்சி, அதே நிலையில் இருந்த கத்தி என்ன விலைக்குப் போனது என்று பாருங்கள். ஒன்றைப் பார்த்தால் போதாது, ஐந்தாறு பாருங்கள். மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் ஒதுக்குங்கள். ஏல நிறுவனம் வாங்குபவரிடமும் விற்பவரிடமும் எடுக்கும் கழிவையும் கணக்கில் சேருங்கள். அசல் பெட்டி இருந்தால் விலை ஏறும். இன்னொருவருடைய பெயரெழுத்தைக் கீறியிருந்தால் பெரும்பாலும் இறங்கும். அந்தப் பெயர் யாருடையது என்று காகிதத்தோடு நிறுவ முடிந்தால் மறுபடி ஏறும்.

ஷெஃபீல்டில் ஸ்டான் ஷா என்றொரு கைவினைஞர் இருந்தார். 1926இல் பிறந்தவர், 2021 வரை வாழ்ந்தவர். சிறுவனாக இபர்சன் பட்டறையில் சேர்ந்து கடைசிக் காலம் வரை கையாலேயே மடக்குக் கத்தி செய்தவர். அவர் கத்தியின் வில் முதுகில் அரத்தால் செய்த வேலைப்பாட்டைப் பார்த்தால், எவ்வளவு என்று கேட்க வாய் வராது, எப்படி என்றுதான் வரும். தகடு அழுத்திய முடிசூட்டுக் கத்தியை அதன் பக்கத்தில் வைத்தால் ஏழையாகத் தெரியும். ஆனாலும் அந்த ஏழைக் கத்திதான் உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆகவே இன்றிரவு வீட்டுக்குப் போனதும் அந்தப் பெட்டியைத் திறவுங்கள். கத்தி இருந்தால் டேங்கில் உள்ள எழுத்தை அப்படியே ஒரு சீட்டில் எழுதுங்கள், புரியாவிட்டாலும் வரைந்து வையுங்கள். பிறகு வீட்டின் மூத்தவரிடம் கேளுங்கள். இது யாருடையது? பினாங்கிலிருந்து வந்ததா, கொழும்பிலிருந்து வந்ததா, மூர் மார்க்கெட்டில் வாங்கியதா? எந்த ஆண்டு, யார் கொடுத்தார்? அவர் சொல்வதை அவர் சொல்லும் சொல்லிலேயே அதே சீட்டில் எழுதி, தேதி போட்டு, அவரையே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். சீட்டை மடித்துக் கத்தியோடு வையுங்கள். கையெழுத்துப் போட அவருக்குக் கண்ணாடி தேவைப்படும், எடுத்துக் கொடுங்கள்.